‘இல்லை’ இல்லாத கடை

உலக வணிக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்க ஓர் அறிவிப்பு, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு வெளியானது. பொன் கைவசம் இல்லாததால் அதை வெள்ளைத் தாளில் அச்சடித்து, ஊழியர் கழிப்பறைக் கதவில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்துபோயிருந்தபடியால், நிறுவனத்தின் சின்னமான சிரிக்கும் சூரியன் நீல நிறத்தில், குளிரில் விறைத்தவனைப் போலச் சிரித்தது.

‘இதனால் சகலருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் நம் நிறுவனத்தின் அகராதியில் இல்லை என்ற சொல் இல்லை. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் இல்லை, கிடையாது, முடியாது, கூடாது, தெரியாது, வேண்டாம் ஆகிய சோர்வூட்டும் சொற்களை ஊழியர்கள் உச்சரிக்கலாகாது. மீறுவோரின் பேட்ஜில் சோக முக ஸ்டிக்கர் ஒன்று ஒட்டப்படும். மூன்று சோக முகங்கள் சேர்ந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை அரைநாள் மகிழ்ச்சிப் பயிற்சி. ஊழியர்களைச் சோதித்து மார்க் போடும் ரகசிய வாடிக்கையாளர் எந்த நேரமும் வரலாம்.’

கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே பதவி: ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி பெருந்தலைவர்’.

கேஷியர் சத்தமாகப் படித்து முடித்து, கண்ணாடியை மூக்கின் மேல் தூக்கிவிட்டுக்கொண்டார். "அகராதியில இல்லாத சொல்லை முதல் வரியிலயே ரெண்டு தடவை போட்டிருக்காரு. இவருக்கு யாரு ஸ்டிக்கர் ஒட்டறது?"

"உங்ககிட்டதான் ஸ்டிக்கர் சுருளைக் குடுக்கச் சொல்லியிருக்காங்க," என்றார் மேனேஜர். "கடையில பூட்டு போட்ட டிராயர் உங்களுக்கு மட்டும்தான் இருக்கு."

கூட்டத்தின் கடைசியில், ஒரு காலை மட்டும் ஊன்றி நின்று படித்தவளுக்குப் பெயர் பிரிண்டரக்கா. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். பதினோரு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் கடையின் பின்பக்கச் சுவரோரம், பிரிண்டர்கள் அடுக்கிய மேஜைகளுக்கு நடுவே நிற்கிறாள். எந்தப் பிரிண்டரில் தாள் சிக்கினாலும் இரண்டு விரலை உள்ளே விட்டு, குழந்தை வாயிலிருந்து பொத்தானை எடுப்பதுபோல எடுத்துவிடுவாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். அதைச் செய்யும்போது நிற்பதுதான் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அவளுடைய கவலை அகராதியில் இல்லை. இடது குதிகாலில் இருந்தது. காலையில் கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைத்தால் ஆணி மேல் வைத்தது மாதிரி இருக்கும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மணிக்குப் பத்து நிமிஷம் உட்காருங்க. உட்கார முடியாத வேலைன்னா வேற வேலை பாருங்க," என்று சொல்லி அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒரே ஒரு ஸ்டூல் வேண்டும் என்று அவள் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதியிருந்தாள். முதல் பதில், ‘பரிசீலனையில் உள்ளது’. இரண்டாவது பதில், ‘தீவிரப் பரிசீலனையில் உள்ளது’. மூன்றாவது பதில் மகிழ்ச்சிப் பெருந்தலைவரின் கைப்படவே வந்தது: ‘உட்கார்ந்த ஊழியரைக் கண்டால் வாடிக்கையாளரின் வாங்கும் உற்சாகம் படுத்துவிடும்.’

மேனேஜர் கெட்டவர் அல்ல. மேலே பார்த்துக் கும்பிட்டும் கீழே பார்த்து மன்னிப்புக் கேட்டும் கழுத்து தேய்ந்துபோன மனிதர். "டாக்டர் லெட்டரை அனுப்பினா, ‘அப்ப வீட்டுலயே உட்காரச் சொல்லு’ன்னு பதில் வரும்க்கா. அதான் அனுப்பாம வச்சிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள இருக்கறதா போறதான்னு நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க," என்றிருந்தார். மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அந்தக் கடையில் உட்கார வழியே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் மாடிக் கிடங்குக்குப் போய் அட்டைப்பெட்டி மேல் உட்காருவார்கள்; பிரிண்டர் பெட்டி தாங்கும், மானிட்டர் பெட்டி தாங்காது என்பதெல்லாம் அனுபவத்தில் கண்ட உண்மைகள். பிறகு கிடங்கில் கேமரா வைத்தார்கள். மிஞ்சியது கழிப்பறை. மூடியைச் சாத்தி அதன் மேல் உட்கார்ந்தால் ஏழு நிமிஷம் சுகம். எட்டாவது நிமிஷம் ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். ஊழியருக்கென்று நிறுவனம் ஒதுக்கிய ஒரே ஆசனம் அதுதான்.

இதில் வேடிக்கை, கடையில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கென்று செய்த, சக்கரம் வைத்த, முதுகு சாய்கிற, கழுத்துக்குத் தனியாகத் தலையணை வைத்த நாற்காலிகள். நான்கு மாசத்துக்கு முன்னால் லாரியில் வந்து இறங்கின. தலைமை அலுவலகத்தில் யாரோ பன்னிரண்டு சார்ஜருக்கு ஆர்டர் போடப்போய் பட்டியலில் ஒரு வரி தள்ளி டிக் அடித்துவிட்டதாகப் பேச்சு. ஒன்றும் விற்கவில்லை. பதினொன்றை மாடிக் கிடங்கில் ஏற்றிவிட்டு, ஒன்றை மட்டும் பாகங்களைப் பூட்டிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். எங்கே வைத்தார்கள்? பிரிண்டரக்காவின் கைக்கெட்டும் தூரத்தில். மேலே ஓர் அட்டை தொங்கியது: ‘உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமே வறாது!’ பக்கத்தில் இன்னொன்று: ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.’

தினமும் காலையில் அதற்குத் தூசி தட்டுவது அவள் வேலை. தட்டும்போது கை மட்டும் கொஞ்ச நேரம் அதில் உட்காரும். மற்ற உறுப்புகளுக்கு அனுமதி இல்லை.

முதல் வாரத்தில் கடை அல்லோலகல்லோலப்பட்டது. லேப்டாப் பக்கம் நிற்பவன், "சார், இதுல சிடி போடற இடம் இருக்கா?" என்ற கேள்விக்கு, "அந்த இடத்தைத்தான் சார் ஒல்லியா மாத்தியிருக்காங்க," என்றான். ஒரு பெண்மணி உறுப்பினர் அட்டை வாங்க வந்தார். தொழில் என்ற கட்டத்துக்கு அவர் ‘இல்லத்தரசி’ என்று சொல்ல, கேஷியர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க, ‘இல்ல’ என்று கேட்ட மாத்திரத்தில் மேனேஜர் பாய்ந்து வந்துவிட்டார்.

"அது வேற இல்ல சார், இது வேற இல்ல," என்றார் கேஷியர். சொல்லி முடித்தபோது அவர் கணக்கில் மூன்று சேர்ந்திருந்தது.

"எதுக்கு வம்பு? குடும்பத் தலைவின்னு போடுங்க. ரிஸ்க் வேண்டாம்," என்றார் மேனேஜர்.

கேஷியர் டிராயரைத் திறந்து, ‘வேண்டாம்’ சொன்ன மேனேஜரின் பேட்ஜில் ஒரு சோக முகத்தை ஒட்டினார். தனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டார். நேர்மையான மனுஷர்; மூன்றுக்கு ஒன்றுதான் ஒட்டினார் என்பது வேறு விஷயம்.

பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. பிரிண்டரக்காவின் கணவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், வீட்டில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். அவளோ வாசற்படி தாண்டியதும் கிடைத்ததில் உட்காருவாள். ஒரே மேஜையில் ஒருத்தர் நின்று, ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தக் காட்சியைப் பார்த்தால், யாரோ யாரிடமோ கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

"ஏம்மா, உப்பு இருக்கா?"

"அதைவிடச் சிறப்பான ஒண்ணு இருக்குங்க."

"என்னது?"

"மிளகுத்தூள்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இருக்கா இல்லையான்னு கேட்டா நேரா சொல்லேன். என் பஸ்ல ஏறி ‘இது ஸ்டேஷன் போகுமா’ன்னு கேக்கறாங்க. ‘அதைவிட நல்ல இடத்துக்குப் போகும், ஏறுங்க’ன்னா நான் சொல்றேன்?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே, "மாசக் கடைசி வருதே. என்ன சொல்லப்போறே?" என்றார்.

"பதினோரு வருஷம் ஆச்சுங்க. அங்க எந்த பிரிண்டருக்கு எங்க கிச்சுகிச்சு மூட்டணும்னு எனக்குத்தான் தெரியும்."

"பேசாம நாம ரெண்டு பேரும் மாத்திக்கலாம். நீ பஸ்ஸை எடு. நான் போய் பிரிண்டர்கிட்ட நிக்கறேன். ரெண்டு பேர் நோவும் தீர்ந்துடும்."

"எனக்கு பஸ் ஓட்டத் தெரி..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, "ஓட்டறதுக்கான திறமை வந்துக்கிட்டிருக்குங்க," என்றாள்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நேராகப் பிரிண்டர் பக்கம் வந்து நின்றார். தோளில் துணிப்பை, பையில் கற்றைத் தாள், காதில் சிவப்புப் பேனா. பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறவர். புத்தகங்களில் எழுத்துப்பிழை பிடித்தே காலம் தள்ளுகிறவர். பிழை கண்ட இடத்தில் நிற்காமல் போக அவரால் முடியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. பிழையில்லாமல்.

ஒரு பழைய மாடலின் பெயரைச் சொல்லி, "இதுக்கு கார்ட்ரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டார்.

அந்த மாடல் நின்றுபோய் ஆறு வருஷம். பிரிண்டரக்கா புன்னகைத்தாள். "அதைவிட நல்ல கார்ட்ரிட்ஜ் இருக்கும்மா."

"அது என் பிரிண்டருக்குள்ள போகுமா?"

"பக்கத்துல வச்சுக்கலாம்மா."

"சுத்தி வளைக்காதீங்க. இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பிரிண்டரக்கா கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ரெண்டுல முதல்ல உள்ளதைச் சொல்ல முடிஞ்சா எப்பவோ சொல்லியிருப்பேன்."

புரூஃப் அம்மாள் அவளைக் கூர்ந்து பார்த்தார். வரிக்கு நடுவில் படிக்கத் தெரிந்தவர். "அப்ப ரெண்டாவதா?"

பிரிண்டரக்கா உதட்டைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயால சொன்னா என்ன?"

"ஸ்டிக்கர் ஒட்டுவாங்கம்மா. தலையாட்டறதைப் பத்தி எழுத விட்டுட்டாங்க."

"ஒரு சொல்லுக்குத் தடையா!" என்றார் அம்மாள், யாரோ தன் சொந்தக்காரரைக் கைது பண்ணிவிட்ட மாதிரி. கோபத்தில் திரும்பியபோதுதான் நாற்காலிக்கு மேலே தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. அவ்வளவுதான், கை தானாகக் காதுக்குப் போனது. ‘வறாது’ என்பதில் இருந்த பெரிய ‘ற’வை அடித்து, மேலே சின்ன ‘ர’ போட்டார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நாற்காலியும் எனக்கு ஒண்ணு வேணும்தான்," என்றார். "தினம் பத்து மணி நேரம் உட்காருற ஆள். போன வருஷம் ஒண்ணு வாங்கினேன். கடையில அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தப்ப சொர்க்கம். வீட்டுல ஒரு மணி நேரத்துல நரகம். அஞ்சு நிமிஷத்துல எந்த நாற்காலியும் தன் புத்தியைக் காட்டாது."

"நிதானமா உட்கார்ந்து பாருங்கம்மா."

"நானா? காலையிலேர்ந்து உட்கார்ந்துட்டுத்தான் எழுந்து வந்திருக்கேன். இப்ப நிக்கறதுதான் எனக்கு ஓய்வு." அவர் பிரிண்டரக்காவை மேலிருந்து கீழே அளந்தார். "நீங்களும் என் உயரம்தான். எடையும் கூடக்குறைய அதேதான். நீங்க உட்காருங்க. ஒரு மணி நேரம். நான் இங்க நின்னு என் வேலையைப் பாக்கறேன். நீங்க எழுந்திருக்கும்போது உங்க முகத்தைப் பார்த்துட்டு வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

பிரிண்டரக்காவின் நாக்கு நுனிக்கு ‘கூடாதும்மா’ வந்தது. அது தடை. ‘முடியாதும்மா’ வந்தது. அதுவும் தடை. ‘வேண்டாம்’, ‘அனுமதி இல்லை’, ‘எங்களுக்குப் பழக்கமில்லை’ என்று பின்னாலேயே வரிசையாக வந்தன. ஒன்றுவிடாமல் எல்லாம் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்தவை. தமிழில் மறுப்பதற்கு என்று அவளுக்குத் தெரிந்த அத்தனை கதவும் நிறுவனத்தின் செலவிலேயே சாத்தப்பட்டிருந்தன.

உட்கார்ந்தாள்.

குதிகால் தரையை விட்டுக் கிளம்பிய அந்த நொடியை என்னவென்று சொல்வது? பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன் ஒன்று திடீரென்று நின்றால் வருகிற அமைதி அது. முதுகு பின்னால் சாய்ந்தது. கழுத்து, தனக்கென்று தனித் தலையணை இருப்பதை நம்பாமல் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்தது. புரூஃப் அம்மாள் பிரிண்டர் மேஜையில் தாள்களைப் பரப்பி, நின்றபடி சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தார்.

கடையின் வரலாற்றில் முதல் தடவையாக வாடிக்கையாளர் நின்றார், ஊழியர் உட்கார்ந்தார். மூன்றாவது நிமிஷம் மேனேஜர் ஓடி வந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க? எழுந்திருங்க!" என்றார், வாயை அசைக்காமல்.

"கஸ்டமர் உட்காரச் சொல்லிட்டாங்க சார். நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே ஒரு வார்த்தை எடுத்துக் குடுங்க."

மேனேஜர் குனிந்து தன் பேட்ஜைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே இரண்டு சோக முகங்கள். மூன்றாவது வந்தால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. அப்போதுதான் சிவப்புப் பேனாவையும், வரிக்கு வரி குறிப்பெழுதும் கையையும், திருத்தப்பட்ட அட்டையையும் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ரகசிய வாடிக்கையாளர்!" என்று கல்லாவில் போய் மூச்சுவாங்கினார். "மார்க் போட்டுக்கிட்டிருக்காங்க! யாரும் அங்க போகாதீங்க. அக்கா அப்படியே இருக்கட்டும்."

"ரகசியம்னா இப்படிப் பேனாவைக் காதுல சொருகிக்கிட்டா வருவாங்க?" என்றார் கேஷியர்.

"அதுதான்யா ரகசியம்!"

நாற்பதாவது நிமிஷம், கண்ணாடிக் கதவு திறந்தது. வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பெருந்தலைவர் உள்ளே நுழைந்தார். கோலில் மாட்டிய செல்போனைக் கையில் உயர்த்திப் பிடித்து, அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். "நண்பர்களே, ‘இல்லை’ இல்லாத நம் கிளை ஒன்றுக்குள் இப்போது நுழைகிறோம். பாருங்கள், எங்கும் மலர்ச்சி, எங்கும் சுறுசுறுப்பு..." என்று போனைச் சுற்றிக் காட்டியவர், பிரிண்டர் பக்கம் வந்ததும் அப்படியே நின்றார். போனின் திரையில் சாய்ந்த நாற்காலியில் சாய்ந்த ஊழியர் ஒருத்தி, கண் பாதி மூடி.

"என்ன இது?" குரல் கடை முழுக்க அதிர்ந்தது. "ஊழியர் உட்கார்ந்திருக்கிறார், வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கிறார்!"

பிரிண்டரக்காவின் கால் தானாகத் தரையைத் தேடியது. மாசக் கடைசி இன்றைக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுந்திருக்காதீங்க. இன்னும் இருபது நிமிஷம் பாக்கி," என்றார் புரூஃப் அம்மாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். பிறகு திரும்பினார். "நீங்க யாரு?"

மேனேஜர் பெருந்தலைவரின் காதில் ஏதோ ஓதினார். பெருந்தலைவரின் முகம், கோபத்திலிருந்து மகிழ்ச்சிக்கு வளைவில் வேகத்தைக் குறைக்காத பஸ் மாதிரி திரும்பியது. பணிவாகத் தன் கார்டை நீட்டினார். அம்மாள் வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்தார்.

"மகிழ்ச்சிக்கும் பெருந்தலைவருக்கும் நடுவுல ஒரு ‘ப்’ வரணும். இது இல்லேன்னா மகிழ்ச்சி தனியா நிக்கும், பெருந்தலைவர் தனியா நிப்பார்." சிவப்பில் ஒரு ‘ப்’ செருகிக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, சொல்லுங்க. இவங்க இதுல உட்காரக் கூடாதா?"

லேப்டாப் பக்கமிருந்து ஆள் வந்துவிட்டான். கேஷியர் ஸ்டிக்கர் சுருளோடு கல்லாவை விட்டு இறங்கி வந்து, மிகுந்த மரியாதையோடு, பெருந்தலைவரின் பேட்ஜுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். போன் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

பெருந்தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அதாவது... உட்காருவது என்பது... அதைவிடச் சிறப்பானது, நிற்பது..."

"அப்ப நீங்க கார்ல நின்னுக்கிட்டுத்தான் வந்தீங்களா?"

"இ..." என்றார் பெருந்தலைவர். கேஷியரின் கட்டை விரல் ஒரு சோக முகத்தைச் சுருளிலிருந்து பாதி உரித்தது. "இ... இருக்கையில் அமர்ந்துதான் வந்தேன்."

"நேராக் கேக்கறேன். இவங்க உட்காரலாமா? ஒரே வார்த்தை."

மிச்சமிருந்தது ஒரே வார்த்தைதான். தானே விட்டுவைத்தது. பெருந்தலைவர் அதைத் தொண்டையில் சிக்கிய தாள் மாதிரி மெல்ல மெல்ல இழுத்து வெளியே எடுத்தார். "ஆ...மா."

யாரோ கை தட்டினார்கள். யாரென்று கேமராவில் பின்னால் பார்த்தபோது மேனேஜர்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் புரூஃப் அம்மாள், "இப்ப எழுந்திருங்க," என்று சொல்லி, பிரிண்டரக்காவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுப்பிவிடப்பட்டவளின் முகம் அது.

"இந்தத் துக்கம் போதும். ஒண்ணு பேக் பண்ணச் சொல்லுங்க," என்றார். போகும்போது ஆலோசனைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முழுதாக இரண்டு பக்கம் எழுதினார். ‘பொருள் இல்லாத கடைக்கு மறுபடி வருவேன். பதில் இல்லாத கடைக்கு வர மாட்டேன்’ என்று அது முடிந்தது. அதற்கு முன்னால் எழுதியிருந்தவர்களின் பிழைகளையும் திருத்தியிருந்தார்.

நான்கு மாசத்தில் முதல் நாற்காலி விற்றது. விற்பனை நடந்த இடத்தில் ஓர் அதிகாரி இருந்துவிட்டால், அந்த விற்பனைக்குத் தகப்பன் யார் என்று கேட்கவே தேவையில்லை. திங்கட்கிழமை கழிப்பறைக் கதவில் புதிய அறிவிப்பு ஒட்டப்பட்டது. இந்த முறை மஞ்சள் மை இருந்தது.

‘நமது நீண்ட ஆராய்ச்சியின் விளைவாக, நேரடி அமர்வு விளக்கம் என்னும் புதிய விற்பனை முறை அறிமுகமாகிறது. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஊழியர் ஒருவர் காட்சி நாற்காலியில் கட்டாயம் அமர்ந்திருக்க வேண்டும். ஊழியர்கள் உட்காருவதற்கான தடை முன்போலவே தொடர்கிறது. உட்காருதல் வேறு, அமர்தல் வேறு. மேலும், தெளிவே மகிழ்ச்சி என்பதால், இருப்பில் இல்லாத பொருளுக்கு இனி ‘இல்லை’ என்று உரக்கவும் புன்னகையுடனும் சொல்லவும். நன்றாகச் சொல்பவருக்குச் சிரித்த முக ஸ்டிக்கர் வழங்கப்படும்.’

கையெழுத்துக்குக் கீழே, வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பெருந்தலைவர். ‘ப்’ இருந்தது.

மேனேஜர் சுழற்சி அட்டவணை போட்டார். மணிக்குப் பத்து நிமிஷம் பிரிண்டரக்கா அமர்வாள். மிச்ச ஐம்பதை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். டாக்டர் கடிதத்தை அவரே கிழித்துக் குப்பையில் போட்டார். மாசக் கடைசியன்று, "என்னக்கா முடிவு?" என்று கேட்டதற்கு, அவள் நாற்காலியைச் சக்கரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டு, "அப்ப பஸ்ஸை நான்தான் ஓட்டணும்," என்று நின்றபடியே பெருமூச்சு விட்டார்.

ரகசிய வாடிக்கையாளர் திட்டம் செலவு மிச்சம் பிடிக்க ஏற்கெனவே கைவிடப்பட்டது என்ற செய்தி கேஷியர் மூலம் பிறகு கசிந்தது. அதை மேனேஜரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பாவம், இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறார். அமர்வு விளக்கத்தால் அதற்குப் பிறகு ஒரு நாற்காலிகூட விற்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவர் முகத்தில் அத்தனை நிம்மதியைப் பார்த்து, எழுப்புவது பாவம் என்று வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாராவாரம் ‘வரவேற்பு அமோகம்’ என்று அறிக்கை போனது.

ஆறு வாரம் கழித்துப் பெருந்தலைவர் மறுபடி வந்தார். இந்த முறை போன் கோல் இல்லை. ஒரு கை இடுப்பில் இருந்தது. அறிவிப்புகள் எழுதி எழுதி முதுகு பிடித்துக்கொண்டதாம். பிரிண்டரக்காவின் அமர்வு நேரம் அது, இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி. அவர் அவள் முன்னால் நின்று, சாய்ந்த முதுகையும் தொங்கும் காலையும் சற்று நேரம் ஏக்கத்தோடு பார்த்தார்.

"என் அறைக்கு இதே மாடல்ல ஒண்ணு வேணும்மா. உடனே எடுத்துக்கிட்டுப் போகணும். ஸ்டாக் இருக்கா?"

கிடங்குக்கு இருபத்திரண்டு படி. சாவி அவள் இடுப்பில். கேஷியர் கூரையில் எதையோ ஆராய்ந்தார்; மேனேஜர் பேட்ஜைத் துடைத்தார்.

பிரிண்டரக்கா கழுத்துத் தலையணையில் தலையை இன்னும் கொஞ்சம் வசதியாக வைத்துக்கொண்டு, அறிவிப்பில் சொன்னபடியே, உரக்க, புன்னகையுடன் சொன்னாள்.

"இல்லை."

"அருமை! இந்தத் தெளிவைத்தான் நான் எல்லாக் கிளையிலும் எதிர்பார்க்கறேன்," என்று பெருந்தலைவர் தன் கையாலேயே அவள் பேட்ஜில் சிரித்த முகம் ஒன்றை ஒட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வெளியேறினார்.

மாடிக் கிடங்கில் பத்து இருந்தன.